வகுப்புக்கு வந்த தகரக் கோப்பை

ஒரு நாவலில் வரும் தகரக் கோப்பை எதைக் குறிக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டுமா? தமிழ் இலக்கியம் படிப்பித்த ஒருத்தி கேட்கிற கேள்வியா இது என்று நீங்கள் நினைக்கலாம். சொல்லிக்கொடுப்பதற்காகத்தான் சம்பளம் வாங்கினேன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. வேண்டும் என்று ஒரு நாள் உறுதியாகத் தோன்றுகிறது. மறுநாள் பாத்திரம் கழுவும்போது வேண்டாம் என்று தோன்றுகிறது.

என்னை ஓய்வு பெற்ற ஆசிரியை என்று யாராவது சொன்னால் என் கணவர் சிரிக்கிறார். "பென்ஷனும் இல்ல, நரை முடியும் இல்ல, இது என்ன ஓய்வு?" என்கிறார். மகள் கவிதா பிறந்தபோது பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. அவருக்குப் பதுளைக்கு மாற்றம் வந்தது. வேலையை விட்டேன். விட்டது சரியா என்பது இன்னொரு கேள்வி, அதை இங்கே எடுக்கவில்லை.

போன மாதம், இப்போது என் இடத்தில் படிப்பிக்கும் இளம் ஆசிரியை தெமோதரைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். "அக்கா, அந்த நாவல் மறுபடி பாடத்துல வருது. நீங்க எப்படி எடுத்தீங்க? கோப்பையப் பத்தி ஒரு பக்கம் குறிப்பு எழுதிப் போட்டுட்டாப் போதுமா?" என்று கேட்டார். தேத்தண்ணீர் ஆறும்வரை என்னென்னவோ பேசினேன். அவர் போன பிறகுதான், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை என்பது தெரிந்தது. ஆகவே எழுதுகிறேன். நாவலின் பெயரைப் போடவில்லை. போட்டால் பிள்ளைகள் இந்தக் கட்டுரையைப் பாடமாக்கிப் பரீட்சையில் ஒப்பித்துவிடுவார்கள். எங்கள் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

கதை ஒரு வெளிநாட்டுச் சிற்றூரில் நடக்கிறது. வெயில் கொளுத்தும் ஊர். அங்கே ஒரு பொதுக் கிணறு. தண்ணீர் இறைத்துக் கொடுப்பவர் ஒரு வயதான கறுப்பு மனிதர். கிணற்றடிக் கம்பத்தில் இரண்டு ஆணிகள். ஒன்றில் வெள்ளை எனாமல் கோப்பை, அது வெள்ளைக்காரருக்கு. மற்றதில் கைப்பிடி இல்லாத தகரக் கோப்பை, அது கறுப்பருக்கு. கடைக்காரரின் ஏழு வயது மகள் தினமும் கிழவரிடம் கதை கேட்க வருகிறாள். எதற்கு இரண்டு கோப்பை என்று அவளுக்குத் தெரியாது. ஒரு நாள் தாகத்தில் கைக்கு எட்டியதை எடுத்துக் குடித்துவிடுகிறாள். அது தகரக் கோப்பை. ஊர் கொதிக்கிறது. குழந்தையை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கிழவரைத்தான் ஊரைவிட்டுத் துரத்துகிறார்கள்.

நான் அறுபதுகளின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. பயிற்சிக் கலாசாலையில் இரண்டு வருடம் இருந்தேன். கரும்பலகையில் கோணாமல் எழுதவும், சத்தம் போடாமல் வகுப்பை அடக்கவும் அங்கே கற்றேன். மற்றதெல்லாம் பள்ளிக்கூடத்தில் கற்றதுதான். தகரக் கூரை, தடுப்புச் சுவர் இல்லாத நீண்ட மண்டபம். மழை பெய்தால் எல்லா வகுப்புக்கும் ஓய்வு, ஏனென்றால் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் நடந்து வந்தார்கள். லயத்துப் பிள்ளைகள், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைகளிலிருந்து வருபவர்கள், அதிகம். குவாட்டர்ஸ் பிள்ளைகள், அதாவது கிளார்க்கர், டீமேக்கர் வீட்டுப் பிள்ளைகள், விரல்விட்டு எண்ணலாம். நானும் அப்படிக் குவாட்டர்ஸில் வளர்ந்தவள்தான்.

அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். எல்லோரும் பெரிய சேர் என்போம். நெடிய ஆள். வகுப்புக்குள் வரும்போது செருப்பைக் கழற்றிவிட்டு வருவார். அதனால் அவர் பின்பக்க வாங்கில், கடைசிப் பெஞ்சில், வந்து உட்கார்ந்திருப்பது பாடம் பாதி நடந்த பிறகுதான் தெரியும். குறை சொல்லமாட்டார். பாடம் முடிந்ததும் சுண்ணாம்புத் துண்டை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "பிள்ளை, நீர் இண்டைக்கு நிறையச் சொல்லிப்போட்டீர்" என்பார். அதற்கு மேல் கடுமையாக யாரும் என்னைத் திட்டியதில்லை.

இலக்கியப் பாடத்துக்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. அதை நான் விட்டதே இல்லை. முதலில் பகுதியை இரண்டு தரம் உரக்க வாசிக்க வேண்டும், ஒரு சொல்லுக்கும் விளக்கம் கூடாது. மறுநாள் கதையில் வரும் சாமானை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். விளக்கு என்றால் விளக்கு, கயிறு என்றால் கயிறு. அது கைமாறிச் சுற்றி வர வேண்டும். பிள்ளைகளிடம் இரண்டே கேள்வி: இது என்ன? உங்கள் வீட்டில் இதை எதற்கு வைத்திருக்கிறார்கள்? அதற்குப் பிறகுதான், கதையில் இது வேறு எதையாவது சொல்கிறதா என்று கேட்கலாம். குறியீடு என்ற சொல்லைக் கடைசிவரை கரும்பலகையில் எழுதக்கூடாது.

"சாமானை முதல்லை மேசையிலை வையும். கருத்து தானா நடந்து வரும். நீர் போய்க் கையைப் பிடிச்சு இழுக்காதையும்" என்பார்.

இந்த முறையில்தான் எத்தனையோ பாடங்கள் எடுத்தேன். நன்றாகவே நடந்தன.

அந்த நாவலை எடுத்த வருடம் பத்தாம் வகுப்பில் இரண்டு பெண்கள் எப்போதும் சேர்ந்தே இருந்தார்கள். வசந்தி பெரிய கிளார்க்கரின் மகள். முத்தழகு அதே தோட்டத்து லயத்துப் பிள்ளை. அவளுடைய அம்மா மாரியாயி கொழுந்து எடுப்பவள். பிற்பகலில் கிளார்க்கர் வீட்டில் விறகு வெட்டி, மாவிடித்துக் கொடுப்பாள். முத்தழகு வகுப்பில் முதல் ஆள். அந்த லயத்திலிருந்து சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் முதல் பிள்ளை. லயத்தில் கரண்ட் இல்லை. பெக்டரி இன்ஜின் ஓடும்வரை குவாட்டர்ஸில் விளக்கு எரியும். ஆகவே தினமும் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு, வசந்தி வீட்டு முன்னறையில் போய் உட்கார்ந்து படிப்பாள். வசந்திக்குக் கணக்கு வராது, முத்தழகு சொல்லிக்கொடுப்பாள். முத்தழகிடம் புத்தகங்கள் இல்லை, வசந்தியுடையதுதான் இருவருக்கும். பரீட்சைக்கு இன்னும் நான்கைந்து மாதம் இருந்தது.

முதல் நாள் வாசித்த பகுதியில், வெள்ளைக்காரர்கள் நிற்கும்போது கிழவர் தண்ணீர் குடிக்கும் இடம் வந்தது. கோப்பை உதட்டில் படாமல் தூக்கி, அண்ணாந்து ஊற்றிக்கொள்கிறார். எழுதியவர் அவரை ஊர் எவ்வளவு ஒடுக்கி வைத்திருக்கிறது என்று காட்டத்தான் அதை எழுதியிருக்க வேண்டும். எங்கள் வகுப்புக்கு அது அப்படிப் படவில்லை.

"டீச்சர், நல்ல மனுசன் டீச்சர். எச்சி படாம குடிக்கிறாரு" என்றான் ஒருவன்.

"வெள்ளக்காரன்தான் வாய வச்சு உறிஞ்சிக் குடிக்கிறான். ச்சீ" என்றாள் இன்னொருத்தி.

"அந்தப் புள்ளைக்கு வளப்புச் சரியில்ல டீச்சர். ஊரான் கோப்பைய எச்சி பண்ணுது."

"ரெண்டு கோப்பை இருந்தா நல்லதுதானே. சீக்கு கீக்கு வராது."

வகுப்பு முழுக்க ஒரே அபிப்பிராயம். எங்கள் பக்கத்தில் அண்ணாந்து குடிப்பது மரியாதை. பொதுச் செம்பில் வாய் வைக்கிற பிள்ளையின் தலையில் குட்டு விழும். ஆகவே அந்த நாவலில் பண்பு தெரிந்த ஒரே ஆள் கிழவர்தான் என்று முடிவாகிவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டேன். விளக்கம் கூடாது என்பது முறை. "கைப்பிடி போன தகரக் கோப்பை யார் வீட்டிலாவது இருந்தால் நாளைக்குக் கொண்டுவாருங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் வசந்தி பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தாள். பெரிய கோப்பை. விளிம்பு நசுங்கி, கைப்பிடி இருந்த இடத்தில் இரண்டு தழும்பு. நாவலில் எழுதியிருப்பது போலவே இருந்ததில் எனக்குச் சந்தோஷம். முதல் வாங்கிலிருந்து சுற்ற விட்டேன்.

இது என்ன? "கோப்பை." "டின்." "முந்தி கோப்பை, இப்ப டின்." சிரிப்பு.

உங்கள் வீட்டில் எதற்கு? "எங்கப்பா சவரம் பண்ண சுடுதண்ணி வப்பாரு." "கோழிக்குத் தண்ணி." "அரிசி அளக்க."

வசந்தியின் முறை வந்தது. கொண்டுவந்தவள் என்ற பெருமையோடு எழுந்து நின்றாள்.

"இது மாரியாயி அக்கா தேத்தண்ணி குடிக்கிற கோப்பை டீச்சர். பின்பக்கம் சன்னல் கம்பியில தொங்கும். அம்மா மேல இருந்து ஊத்துவாங்க."

அவள் அதை மறைக்கவும் இல்லை, குத்திக்காட்டவும் இல்லை. வீட்டில் இருப்பதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, வழக்கம்போல் பக்கத்தில் இருந்த முத்தழகின் கையில் கோப்பையைக் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான், அந்த மாரியாயி அக்கா யார் என்பது அவளுக்கே உறைத்தது போலிருந்தது. 

முத்தழகு கோப்பையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே பார்த்தாள். அந்த வீட்டு முன்னறையில் அவளுக்குத் தினமும் கண்ணாடி டம்ளரில் தேத்தண்ணீர் கிடைத்தது. பின்பக்கத்துக்கு அவள் போனதே இல்லை. "பெருசா இருக்கு" என்று மட்டும் சொல்லி அடுத்த ஆளிடம் நீட்டினாள். அந்தப் பிள்ளை வாங்கவில்லை. நேற்று இரண்டு கோப்பை நல்லதுதானே என்ற வகுப்பு, இன்று குனிந்து புத்தகத்தைப் புரட்டியது.

கருத்து நடந்து வந்துவிட்டது. இனி நான் என்ன கேட்பது? மூன்றாவது கேள்வியைக் கேட்டால் முத்தழகைக் கேட்டது போலாகும். கேட்காமல் விட்டால் எல்லோருக்கும் புரிந்ததை நான் மூடுவது போலாகும். கோப்பையை வாங்கி மேசையில் வைத்து, அடுத்த அத்தியாயத்தை வாசிக்கச் சொன்னேன். ஏதாவது சொல்லியிருக்கலாம். என்ன சொல்லியிருக்கலாம் என்று எத்தனையோ முறை எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் நன்றாக வரவில்லை.

அன்றிலிருந்து முத்தழகு வசந்தி வீட்டுக்குப் போகவில்லை. வகுப்பில் வாங்கு மாறி உட்கார்ந்தாள். சண்டை இல்லை. வசந்தி பேசினால் பதில் சொன்னாள். ஆனால் இரண்டு வாரத்தில் அவளுடைய கட்டுரைகள் பாதியில் நின்றன. கேட்டால் "மண்ணெண்ண தீந்துருச்சு டீச்சர்" என்றாள்.

பெரிய சேரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். "சேர், உங்கட முறைப்படிதான் செய்தேன்" என்றும் சொன்னேன். கொஞ்சம் குற்றஞ்சாட்டுவது போலத்தான் குரல் வந்தது. அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எங்கட வீட்டிலை சிரட்டை" என்றார். "கிணத்தடிக்குக் கிட்ட வேலியிலை கொழுவியிருக்கும். பனை ஏறுற ஆக்கள் வந்தால் அதிலைதான் ஊத்திறது. நான் எத்தினை நாவல் வாசிச்சிருப்பன் பிள்ளை, ஒருநாளும் அந்தச் சிரட்டையை மேசையிலை வைச்சுப் பாக்கேல்லை."

"இப்ப என்ன செய்யிறது சேர்?"

"தெரியேல்லை. அந்தப் பிள்ளை சோதினை எழுத வேணும். அது மட்டும் தெரியும்."

அடுத்து வந்தவர் வசந்தியின் அம்மா. குடையை மடக்காமலே ஆசிரியர் அறைக்குள் நுழைந்தார்.

"டீச்சர், எங்க வீட்டுக் கோப்பையக் குடுங்க. வசந்தி எடுத்துட்டு வரமாட்டேங்குறா. அப்பாகிட்ட என்னென்னமோ கேக்குறா. நான் அந்தப் புள்ளைக்கு என்ன கொற வச்சேன்? எம்மவ தட்டுல போடுறதத்தான் அதுக்கும் போட்டேன்."

"உங்களைக் குறை சொல்ல யாரும் அதைக் கொண்டுவரலைங்க" என்றேன்.

"கொண்டு வந்தீங்கல்ல? ஊரே சிரிக்குது. ஏன் டீச்சர், நாங்க மட்டுமா வச்சிருக்கோம்? ஒங்க அம்மாவும் நானும் ஒரே கோயில்ல பொங்கல் வச்சவங்க. ஒங்க வீட்டுப் பின்பக்கம் என்ன தொங்குச்சு?"

பச்சை எனாமல் கோப்பை. எனக்கு உடனே கண்ணில் வந்தது. என் அம்மா அதைத் தினமும் சாம்பல் போட்டுப் பளபளவென்று விளக்குவாள், எங்கள் டம்ளர்களை விட அதிகமாகவே. அதை எந்த வகையில் சேர்ப்பது என்று இன்றும் எனக்குத் தெரியாது. அலமாரியைத் திறந்து கோப்பையைக் கொடுத்தேன். வாங்கியவருக்கு அதை எப்படிக் கொண்டுபோவது என்று தெரியவில்லை. கையில் பிடித்துக்கொண்டு கடைத்தெரு வழியாக நடக்க முடியாது. கடைசியில் குடையை மடக்கி, அதற்குள் போட்டு எடுத்துக்கொண்டு போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. நனைந்துகொண்டே போனார்.

ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். மாரியாயி இஸ்தோப்பில், அதாவது லயத்து அறைக்கு முன்னால் இருக்கும் சிறிய இடத்தில், கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சாக்கை உதறிப் போட்டு உட்காரச் சொன்னாள். சாயத்தண்ணி கொண்டுவந்தாள். சீலைத் தலைப்பால் துடைத்த கண்ணாடி டம்ளர். நான் பழக்கத்தில் அண்ணாந்து தூக்கினேன். நடுவில், ஐயோ, இவள் என்ன நினைப்பாள் என்று தோன்றியது. அவசரமாக உதட்டில் வைத்தேன். தேத்தண்ணீர் கழுத்தில் வழிந்து சேலை நனைந்தது.

மாரியாயி சிரித்துவிட்டாள். "டீச்சர், ஒங்களுக்கு எப்படி வசதியோ அப்படிக் குடிங்க. நான் ஒண்ணும் பரீட்ச வைக்கல."

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு வந்த விஷயத்தைச் சொன்னேன். முத்தழகு மறுபடி அங்கே போய்ப் படித்தால்தான் நல்லது, வசந்தி பாவம், அவள் வேண்டுமென்று சொல்லவில்லை என்றெல்லாம்.

மாரியாயி கீரையைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கோப்பை எனக்குத் தெரியாததா டீச்சர்? கண்ணாடி டம்ளரவிட ரெண்டு மடங்கு புடிக்கும். மல ஏறி எறங்குனவளுக்கு அது போதாதா? அது கெடக்கட்டும். நான் பின்பக்கமாப் போவேன். எம்மவ முன்பக்கமாப் போவா. நாந்தான் சொல்லி வச்சேன், பொஸ்தகத்தோட போறவ முன்வாசலால போன்னு. அவ வர்றதுக்கு முன்னாடி என் வேலைய முடிச்சு, கோப்பையக் கழுவி மாட்டிட்டு வந்துருவேன். அவ கண்ணுல படக்கூடாதுன்னு இத்தன வருசம் பாத்துப் பாத்துச் செஞ்சேன்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நீங்க மேசையில வச்சிட்டீங்க. சண்டைக்குச் சொல்லல டீச்சர். என்னைக்கிருந்தாலும் தெரியிறதுதான். ஆனா காட்டுனது நீங்க. இனி அவகிட்ட என்ன சொல்றதுன்னு நீங்களே சொல்லுங்க. போய்ப் படிடின்னா, ஏம்மா என்னை அங்க அனுப்புறேங்கிறா. போகாதன்னா பரீட்ச போயிரும். நான் எத சொல்ல?"

உள்ளே இருந்து முத்தழகு வெளியே வந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"டீச்சர், அந்தக் கதையில அந்தப் புள்ள குடிச்சதுக்குத்தானே அந்தாள வெரட்டுனாங்க?"

"ஆமா."

"புள்ளைய யாரும் ஒண்ணும் சொல்லல."

"இல்லை."

"நான் அங்க போனா வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டேன் டீச்சர். ஏதாச்சும் கேட்டுருவேன். கேட்டா என்னைய ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அம்மாவத்தான் இனிமே வர வேணாம்பாங்க. அதான் போகல."

"இவ பெரிய நியாயக்காரி" என்று மாரியாயி அவளைத் திட்டினாள். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் திட்டினாள்.

நான் பயிற்சிக் கலாசாலையில் குறியீடு பற்றி இருபது பக்கம் எழுதிப் புள்ளி வாங்கியவள். அந்தக் கோப்பையைப் பற்றி முத்தழகு சொன்னதற்கு மேல் ஒருவரும் எழுதியதை நான் படித்ததில்லை. ஆனால் அப்போது எனக்கு அது பெருமையாக இல்லை, பயமாக இருந்தது. கதையைப் புரிந்துகொண்டதற்காக அந்தப் பிள்ளை பரீட்சையை இழக்கப்போகிறாளே என்ற பயம்.

என்னிடம் இருந்தது ஒரு ஏற்பாடுதான். பள்ளிக்கூடம் விட்ட பிறகு, வெளிச்சம் இருக்கும்வரை மண்டபத்தின் மேற்கு மூலையில் படிக்கலாம், நான் கூட இருப்பேன் என்றேன். திங்கட்கிழமை பெரிய சேரிடம் சாவி கேட்டேன். அவர் சாவியோடு தன்னுடைய புத்தகங்கள் சிலவற்றையும் கொடுத்தார். "பிள்ளையிட்டைக் குடும், என்ரை பேரைச் சொல்லாதையும்" என்றார்.

முத்தழகு வந்தாள். மூன்றாம் நாள் வசந்தியும் வந்து நின்றாள்.

"ஒனக்கு என்னடி, வீட்டுலதான் கரண்ட் இருக்குல்ல?" என்றாள் முத்தழகு.

"கரண்ட் கணக்கு சொல்லித் தருமா?" என்றாள் வசந்தி.

முத்தழகு சிரிக்கவில்லை, ஆனால் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். பரீட்சைவரை இருவரும் வந்தார்கள். வெவ்வேறு வாங்கில்தான் உட்கார்ந்தார்கள். நடுவில் நான் உட்கார்ந்து கொப்பி திருத்துவேன். அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சில் ஒரு இதம் இருக்கிறது. வெயில் சாய்ந்து யூக்கலிப்டஸ் மரங்களின் நிழல் மண்டபத்துக்குள் நீளும். கீழே ரயில் ஊதிக்கொண்டு போகும். இருவரும் ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள், பிறகு குனிவார்கள். என் வேலைக் காலத்தில் நான் மிகவும் நேசித்தது அந்த மாலைகளைத்தான்.

கிளார்க்கர் வீட்டில் மாரியாயிக்குப் புதுக் கண்ணாடி டம்ளர் வாங்கினார்களாம். வசந்தி சொன்னாள். சில நாளில் மாரியாயி, "தாயி, இதுல ரெண்டு மடக்குதான் புடிக்குது, பழசையே குடுங்க" என்றாளாம். வசந்தியின் அம்மா பழையதைக் கொடுக்காமல், டம்ளரில் இரண்டு தரம் ஊற்றினாராம். இதைச் சொல்லும்போது வசந்திக்கு இது சிரிக்க வேண்டிய விஷயமா என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

பரீட்சையில் கோப்பையைப் பற்றியே கேள்வி வந்தது. வசந்தி அதை எழுதினாள். அதிவிசேட சித்தி, அதற்கு மேல் புள்ளி இல்லை. முத்தழகு, "நான் கெணத்தப் பத்தின கேள்விய எழுதினேன் டீச்சர்" என்றாள். திறமைச் சித்தி, அதற்கு ஒரு படி கீழே. மற்றப் பாடங்களில் வசந்தியை விட நன்றாகவே செய்திருந்தாள். லயத்தில் வெடி கொளுத்தினார்கள். தலைமைக் கங்காணி மாலை போட்டார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் அன்று மாரியாயி யாரையும் பேச விடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த வருடம், தோட்டத்து மக்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தப்படி, முத்தழகு குடும்பத்துக்கும் கடவுச்சீட்டு வந்துவிட்டது. ஸ்டேஷனுக்குப் போனேன். அந்த நாட்களில் அந்த ரயில் புறப்படும்போது ஸ்டேஷனில் எழும் அழுகை எப்படியிருக்கும் என்று மலைநாட்டில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வசந்தி ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். அதன் மூடியில் ஊற்றி, யன்னல் வழியாக முத்தழகிடம் நீட்டினாள். முத்தழகு வாங்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்தாள்.

"ரயிலு இழுத்துச்சுன்னா சட்டையெல்லாம் ஊத்தும்டி, வாய வச்சுக் குடி" என்றாள் மாரியாயி.

"இருக்கட்டும்மா."

அது எங்கள் ஊர் மரியாதையா, அல்லது வேறு ஒன்றா? வசந்தி என்னைப் பார்த்தாள். நான் டீச்சர், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பாள். அதற்குள் கொடி காட்டிவிட்டார்கள்.

இனி என் வீட்டு விஷயம். உண்மையில் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது இதுதான்.

என் மகள் கவிதாவுக்கு ஐந்து வயது. அவளிடம் ஒரு துணிப்பொம்மை இருக்கிறது. அதற்குப் பெயர் இல்லாமல் இருந்தது. போன வாரம் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "தூங்குடா என் தோட்டக்காட்டான்" என்றாள்.  மலையகத்தாரை மட்டமாகப் பேச மற்றவர்கள் வைத்திருக்கும் சொல் அது. என் அப்பாவைச் சொன்ன சொல். என்னை, என் கணவரைச் சொன்ன சொல். எங்கே கேட்டாய் என்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாமா, விறகு கொண்டுவந்த தாத்தாவை அப்படிக் கூப்பிட்டாராம். நல்ல பெயராக இருக்கிறதாம். தன் பொம்மைக்கும் அந்தத் தாத்தாவைப் போலவே தலைப்பாகை கட்டியிருக்கிறாள்.

"நல்லாயில்லையாம்மா?" என்று கேட்டாள். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

சொன்னால், அவளையும் அந்த வேலியின் ஒரு பக்கத்தில் நிறுத்தியவள் நானாகிவிடுவேன். சொல்லாவிட்டால், அவளுக்கு அதை வேறு யாராவது சொல்வார்கள், அன்பில்லாமல் சொல்வார்கள். "என்னைக்கிருந்தாலும் தெரியிறதுதான்" என்று மாரியாயி சொன்னாள். அவளோ தெரியாமல் இருக்கத்தான் அத்தனை வருடம் பாடுபட்டாள். என் கணவர், "அடுத்த வாரம் பொம்மையை மறந்துடும், விடு" என்கிறார். அவர் சொல்வது சரியாக இருக்கலாம். எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிள்ளை வளர்த்தவர்களும், பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர்களும் இதை வாசிப்பீர்கள். நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்கு எந்த வயதில், எந்த வார்த்தைகளில் சொன்னீர்கள்? சொன்ன பிறகு பிள்ளை என்ன செய்தது? தயவுசெய்து எழுதுங்கள், கொஞ்சம் சீக்கிரமாக. வருகிற திங்கட்கிழமை கவிதாவை முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தில் விடுகிறோம். பொம்மையையும் கொண்டுபோய் எல்லோரிடமும் பெயர் சொல்லிக் காட்டப்போகிறாளாம்.